பள்ளிக்கூடக் கூரைக்காக 30 ஆண்டுக் கடன்: வாக்களிக்கும் முன் எதைப் படிப்பது?

வாசகர் கேள்வி:

அன்புள்ள ஐயா, நாங்கள் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் வசிக்கிறோம். 2021இல் 15 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றோம். வரும் தேர்தலில், எங்கள் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டம், பழைய பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்க 30 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் அனுமதி கேட்கிறது. ஒவ்வொரு லட்சம் டாலர் மதிப்புக்கும் ஆண்டுக்கு 48 டாலர் வரி, வட்டியோடு சேர்த்துத் திருப்ப வேண்டிய மொத்தத் தொகை 56 கோடி என்று போட்டிருக்கிறார்கள். என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கும் பள்ளி 1962இல் கட்டியது. மழை பெய்தால் வகுப்பறையில் வாளி வைக்கிறார்கள். செப்டம்பரில் வெக்கை தாங்காமல் பிள்ளைகள் தலைவலியோடு வருகிறார்கள். ஆனால் என் கணவர், "இத்தனை வருடம் பராமரிக்காமல் விட்டவர்களிடம் மறுபடி பணம் கொடுத்தால் சம்பளத்துக்குத்தான் போகும்" என்கிறார். பணிப் பட்டியலில் நீச்சல் குளமும் விளையாட்டரங்கமும் இருக்கின்றன. நிலநடுக்கப் பாதுகாப்பு பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் எங்களைவிட மிகக் குறைவாகவே வரி கட்டுவார்களாம். வேலை முடிவதற்குள் என் மகளும் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். ஊரில் அரசாங்கமே தன் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டுகிறது. இங்கே ஏன் எங்களிடம் ஓட்டுக் கேட்கிறார்கள்? நான் எப்படி முடிவெடுப்பது?

பதில் (பள்ளிக் கட்டடங்களில் பணியாற்றும் கட்டமைப்புப் பொறியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கட்டடங்களுக்குப் பணம் தேவையா என்பது ஒன்று. இந்த முன்மொழிவு அந்தப் பணத்தைத் தேவையான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லிவிடலாம். 1962இல் கட்டி, பெரிய அளவில் புதுப்பிக்காமல் விட்ட பள்ளிக்குக் கூரை, மின்சாரம், குழாய், காற்றோட்டம் ஆகிய நான்குமே ஆயுள் முடிந்தவை, பணம் தேவைதான். இரண்டாவது கேள்விக்கு விடை உங்கள் மாவட்டத்தின் ஆவணங்களில் இருக்கிறது. அவற்றை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இந்தப் பதிலில் விளக்க முயல்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கட்டடத்துக்கான பணம் பெரும்பாலும் அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது; உள்ளூர் மக்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. கலிஃபோர்னியாவில் மாநிலம் ஆண்டுதோறும் மாவட்டங்களுக்குத் தரும் பணம் பாடம் நடத்துவதற்கானது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போய்விடும். கட்டடத்துக்கு மாநிலம் தனியாகக் கடன் வாங்கி நிதி வைத்திருக்கிறது: 2024 நவம்பரில் மக்கள் ஏற்றுக்கொண்ட முன்மொழிவு 2, மொத்தம் 1,000 கோடி டாலர், அதில் 850 கோடி பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு. 25 ஆண்டுகளைக் கடந்த நிரந்தரக் கட்டடங்களைப் புதுப்பிக்க இதிலிருந்து மாநிலம் பொதுவாக 60 சதவீதப் பங்கு தரும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு மாணவர் எண்ணிக்கையை வைத்து ஒரு சூத்திரப்படி கணக்கிடப்படுவதால் உண்மைச் செலவில் 60 சதவீதத்தை எட்டுவது அரிது. மேலும், மிக வறிய மாவட்டங்களைத் தவிர மற்றவர்கள் மீதிப் பங்கைத் தாங்களே காட்டினால்தான் அது கைக்கு வரும். அந்த உள்ளூர்ப் பங்குக்கு மாவட்டங்களிடம் உள்ள முதன்மையான வழி, இப்போது உங்களிடம் கேட்கப்படும் கடன் பத்திரம்தான். ஆகவே இது தோற்றால் 30 கோடியோடு, அதைக் காட்டிப் பெறக்கூடிய மாநிலப் பணமும் தள்ளிப் போகும்.

உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு வருகிறேன். சம்பளம் பற்றிய அச்சத்துக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவேறிய முன்மொழிவு 39, பள்ளிக் கடன் பத்திரம் வெற்றிபெறத் தேவையான ஆதரவை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 55 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு ஈடாகச் சில கட்டுகளையும் போட்டது. பணிப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத எதற்கும் செலவிடக் கூடாது. ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கோ அன்றாட நடப்புச் செலவுக்கோ ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும். கட்டுமானப் பணிகளை நேரடியாக மேற்பார்வை செய்யும் ஊழியர்களின் சம்பளத்தை, அந்த வேலை நேரத்தின் அளவுக்கு மட்டும், இதில் சேர்க்கலாம் என்பது ஒன்றுதான் விலக்கு. தணிக்கை அறிக்கையில் அந்தத் தலைப்பின்கீழ் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது நல்லது.

பராமரிக்காமல் விட்டார்கள் என்ற அவருடைய குற்றச்சாட்டை நான் இவ்வளவு எளிதாகக் கடந்துபோக மாட்டேன். அது சரியான கேள்வி. மாநிலக் கட்டட நிதி பெற்ற மாவட்டம், பெற்ற பின் 20 ஆண்டுகளுக்குத் தன் பொதுச் செலவில் குறைந்தது 3 சதவீதத்தைப் பராமரிப்புக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும். உங்கள் மாவட்டம் அந்த 3 சதவீதத்தை வைக்கிறதா, குறைந்தபட்சத்தோடு நிற்கிறதா, கூடுதலாக வைக்கிறதா என்பது அதன் வரவு செலவு அறிக்கையில் இருக்கும். புதிய கூரையை 25 ஆண்டு காப்பது ஆண்டுதோறும் அதன் வடிகால்களைச் சுத்தம் செய்யும் மனிதர்தான். அவருக்கான சம்பளத்தைப் பத்திரப் பணத்திலிருந்து தர முடியாது. அதற்கான இடம் நடப்புச் செலவில் இல்லாவிட்டால், இன்று கடன் வாங்கி வேயும் கூரை கடன் தீரும் முன்பே ஒழுகத் தொடங்கும். உங்கள் கணவர், மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டத்துக்குச் சென்று இதைக் கேட்பாரானால் அது எல்லோருக்கும் பயன்படும்.

இனி வரிக் கணக்கு. 1978 ஜூனில் நிறைவேறிய முன்மொழிவு 13இன்படி, வீட்டின் வரி மதிப்பு வாங்கிய விலையில் தொடங்கி ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் உயரும். வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு வரும். நீங்கள் 15 லட்சத்துக்கு வாங்கிய வீட்டின் வரி மதிப்பு இப்போது ஏறத்தாழ 16 லட்சமாக இருக்கும். லட்சத்துக்கு 48 டாலர் என்றால் ஆண்டுக்கு 768 டாலர், மாதத்துக்கு 64. பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் 1988 வாக்கில் 2 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் அவர்களுடைய வரி மதிப்பு இன்றும் சுமார் 4 லட்சத்துச் சொச்சம்தான். அவர்கள் ஆண்டுக்கு 200 டாலர் அளவில் கட்டுவார்கள். ஒரே தெரு, ஒரே அளவு வீடு, நான்கு மடங்கு வேறுபாடு. அண்மையில் வீடு வாங்கிய இளம் குடும்பங்கள்மேல் சுமை கூடுதலாக விழுகிறது என்பதில் ஐயமில்லை. அதைக் கண்டு வருந்துவதும் நியாயம். ஆனால் அந்த வேறுபாடு மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. இந்த வாக்கெடுப்பு தோற்றாலும் அது அப்படியே இருக்கும்.

48 டாலர் என்பது மதிப்பீடு என்பதையும் மனத்தில் வையுங்கள். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்தும் ஒருங்கிணைந்த மாவட்டத்துக்கு ஒரு முன்மொழிவுக்கு லட்சத்துக்கு 60 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. ஆயினும் அது பத்திரம் விற்கும் நாளில் செய்யப்படும் கணிப்பை வைத்து அளக்கப்படுவது. பின்னர் மாவட்டத்தின் மொத்தச் சொத்து மதிப்பு எதிர்பார்த்தபடி வளராவிட்டால், கடனைக் கட்டத் தேவையான அளவுக்குக் கவுன்ட்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவு) வரியை உயர்த்தியாக வேண்டும். பே ஏரியாவில் மதிப்பு பொதுவாக வளர்ந்தே வந்திருப்பதால் இதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பத்திரங்கள் ஒரே நாளில் விற்கப்படுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்; பல ஆண்டுகளில் தொகுதி தொகுதியாக விற்பார்கள். முன்பு மக்கள் அனுமதித்த பத்திரத்தில் விற்காமல் மீதி ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

30 கோடி வாங்கி 56 கோடி கட்டுவது முதலில் படிக்கும்போது திடுக்கிட வைக்கும். 30 ஆண்டுக் கடனில் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது உங்கள் வீட்டுக் கடனிலும் நடப்பதுதான். இந்தப் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரியும், மாநில வாசிகளுக்குக் கலிஃபோர்னிய வருமான வரியும் இல்லாததால் மாவட்டம் குறைந்த வட்டியில் கடன் பெறுகிறது. உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொரு வகைப் பத்திரம்: முதல் பல ஆண்டுகளுக்கு வட்டியோ அசலோ கட்டாமல், எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் கட்டும் வகை. சான் டியேகோ கவுன்ட்டியின் பவே ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் 2011இல் இவ்வகையில் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கி, நூறு கோடியை நெருங்கும் தொகையைத் திருப்பித் தரும் நிலைக்கு ஆளானது. அந்தச் செய்தி எழுப்பிய கொதிப்புக்குப் பிறகு 2013இல் மாநிலம் புதிய சட்டம் இயற்றி, திருப்பும் தொகை வாங்கியதைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது, காலம் 25 ஆண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. உங்கள் மாவட்டத்தின் வாரியத் தீர்மானத்தில் இவ்வகைப் பத்திரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் முதன்மையாகக் கருதுவதற்கு வருகிறேன். வாக்காளர்கள் பணிப் பட்டியலை மாவட்டம் அளித்த வாக்குறுதியாகப் படிக்கிறார்கள். சட்டப்படி அது இன்னின்ன பணிகளுக்குச் செலவிடலாம் என்ற அனுமதி மட்டுமே. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்யப் பணம் போதாது என்பது வழக்கமாகத் தயாரிக்கும்போதே தெரியும். ஒரு பணி பட்டியலில் இருப்பதால் அது நடக்கும் என்று உறுதியில்லை என்ற வாசகத்தையும் பட்டியலின் முடிவில் பெரும்பாலும் காணலாம். மேலும் 30 கோடி முழுவதும் செங்கல்லும் சிமெண்டுமாக மாறாது: வடிவமைப்பு, ஆய்வாளர் கட்டணம், தற்காலிக வகுப்பறைகள், எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு என்று நான்கில் ஒரு பங்கு வரை போவது இயல்பு. ஆகவே நீச்சல் குளமும் ஒழுகும் கூரையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும்போது, எது முதலில் என்பதைப் பட்டியல் உங்களுக்குச் சொல்லாது. அதைச் சொல்லும் ஆவணம் வேறு. பெரும்பாலான மாவட்டங்கள் பத்திரம் கேட்கும் முன் கட்டட வல்லுநர்களைக் கொண்டு ஒவ்வொரு பள்ளியையும் ஆராய்ந்து ஒரு பெருந்திட்டம் தயாரிக்கின்றன. அதில் கட்டடவாரியாகப் பழுதுகளும் மதிப்பீடும் முன்னுரிமையும் இருக்கும். அதை வாங்கி, உங்கள் மகளின் பள்ளியின் பக்கத்தைப் படியுங்கள்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பொறியியல் காரணத்தைச் சொல்ல விரும்புகிறேன். நிலநடுக்கப் பாதுகாப்பு ஒரே வரியாக இருப்பதாக நீங்கள் எழுதியது எனக்குக் கவலை தருகிறது. 1933 மார்ச் 10 அன்று மாலை 5:54க்கு லாங் பீச்சில் நிலம் குலுங்கியபோது ஏறத்தாழ 70 பள்ளிகள் இடிந்தன. பிள்ளைகள் வீடு திரும்பிவிட்ட நேரம் என்பதால்தான் பேரழிவு தவிர்ந்தது. சரியாக ஒரு மாதத்தில் ஃபீல்டு சட்டம் நிறைவேறியது. அன்று முதல் கலிஃபோர்னியப் பொதுப் பள்ளிகள் மாநிலத்தின் தனிச் சரிபார்ப்பிலும், தளத்தில் நிற்கும் ஆய்வாளரின் கண்முன்னும் கட்டப்படுகின்றன. உங்கள் 1962 பள்ளியும் அப்படிக் கட்டப்பட்டதே. ஆனால் 1971இல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம், அக்காலக் கான்கிரீட் கட்டடங்களில் நாங்கள் அறியாதிருந்த பலவீனங்களைக் காட்டியது. 1978க்கு முன் கட்டிய, மரச்சட்டம் அல்லாத பள்ளிக் கட்டடங்களைப் பற்றி மாநிலம் 2002இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, 7,537 கட்டடங்களை விரிவாக ஆராய வேண்டியவை என்று வகைப்படுத்தியது. ஒற்றை மாடி மரச்சட்ட வகுப்பறைகள் பொதுவாக நன்றாகத் தாங்கும். உடற்பயிற்சிக் கூடம், உணவருந்தும் பெருங்கூடம் போன்றவற்றில் உயரமான கான்கிரீட் சுவரும் மரக்கூரையும் சேரும் இணைப்புத்தான் ஐயத்துக்குரியது. குலுக்கலில் சுவர் வெளியே சாய, கூரை அதைவிட்டுக் கழன்று விழும்.

அந்த இணைப்பை வலுப்படுத்துவது கூரையின் மேலுறையை உரித்திருக்கும் காலத்தில் எளிது, செலவும் குறைவு. உறையைப் புதிதாகப் போட்டு முடித்தபின் செய்தால் மறுபடி உரிக்க வேண்டும். புதிய குளிரூட்டி இயந்திரங்கள் கூரைமேல் உட்காரும். அவற்றின் எடையைக் கூரை தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பழைய மின்பலகை தருமா என்று அதற்கும் முன்பே பார்க்க வேண்டும். ஆக, பட்டியலில் நான்கு தனி வரிகளாக இருக்கும் கூரை, குளிரூட்டி, மின்சாரம், நிலநடுக்க வலுவூட்டல் ஆகியவற்றை ஒரே கோடை விடுமுறைத் திட்டமாகச் சேர்த்துச் செய்யும் மாவட்டம் பணத்தை மதிக்கிறது. தனித்தனி ஒப்பந்தங்களாக மூன்று ஆண்டு இடைவெளியில் செய்யும் மாவட்டம் ஒரே கூரையை இரண்டு முறை பிரிக்கும். இன்னொன்றும் உண்டு: புதுப்பிக்கும் செலவு அக்கட்டடத்தைப் புதிதாகக் கட்டும் மதிப்பில் பாதியைத் தாண்டும்போதுதான் கட்டடம் முழுவதற்கும் நிலநடுக்க வலுவூட்டல் பொதுவாகக் கட்டாயமாகிறது. அதற்குக் கீழே நிற்கும்படி பணியைத் திட்டமிட்டால் சுவருக்குச் சாயம் பூசி, தரையை மாற்றி, இணைப்பைத் தொடாமலே விட்டுவிட முடியும். "எங்கள் பள்ளியின் எந்தெந்தக் கட்டடங்கள் 2002 கணக்கெடுப்பில் இருந்தன, அவற்றைப் பொறியாளர் ஆராய்ந்தாரா, அறிக்கை எங்கே?" என்று எழுத்தில் கேளுங்கள்.

நீச்சல் குளத்தையும் அரங்கத்தையும் நான் வெறுப்பவன் அல்லன். பிள்ளைகளுக்கு அவையும் வேண்டும். ஆனால் பார்பரா பியாசி, ஜூலியன் லாஃபார்ச்சூன், டேவிட் ஷோன்ஹோல்சர் ஆகிய பொருளியலாளர்கள் பல மாநிலங்களின் பள்ளிப் பத்திர வாக்கெடுப்புகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. காற்றோட்டம், குளிரூட்டி, நச்சுப்பொருள் அகற்றல் போன்றவற்றில் செய்த செலவு மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தியது, வீட்டு விலையை உயர்த்தவில்லை. விளையாட்டு வசதிகளில் செய்த செலவு வீட்டு விலையை உயர்த்தியது, மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. வாக்காளரின் கண்ணுக்கு எது கவர்ச்சியோ அதைப் பிரசாரத் துண்டறிக்கை முன்னால் நிறுத்தும். செப்டம்பர் வெக்கையில் தலைவலியோடு வரும் பிள்ளைக்கு எது தேவை என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் மாவட்டத்தில் மாணவர் எண்ணிக்கை குறைகிறதா என்பதையும் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் 63 லட்சமாக இருந்த கலிஃபோர்னியப் பொதுப் பள்ளி மாணவர் தொகை இப்போது 58 லட்சம் அளவில் நிற்கிறது. மூடப்படக்கூடிய பள்ளியில் பல கோடி டாலரைப் போடுவது வீண். எந்தப் பள்ளிகள் தொடரும் என்று சொல்லத் தயங்கும் வாரியம் பணிகளின் வரிசையை நேர்மையாக வகுக்க முடியாது.

முன்மொழிவு வென்றால் குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், அவர்களில் பெற்றோர், மூத்த குடிமக்கள் அமைப்பு, வரி செலுத்துவோர் அமைப்பு, வணிக அமைப்பு ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இருக்க வேண்டும். மாவட்ட ஊழியரோ ஒப்பந்தக்காரரோ இருக்கக் கூடாது. இந்தக் குழுவால் எந்தப் பணி முதலில் என்று தீர்மானிக்க முடியாது. செலவைப் பார்த்து மக்களுக்கு அறிக்கை தரத்தான் முடியும். அதனால் வரிசையைப் பற்றிய அழுத்தம் வாக்கெடுப்புக்கு முன்பே வர வேண்டும். வாரியம் உங்கள் சொல்லை மிகக் கவனமாகக் கேட்கும் காலம் இதுதான். உங்கள் கணவரைப்போல் கணக்குப் பார்ப்பவர்கள் பின்னர் அந்தக் குழுவில் சேர விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நம்மவர்கள் அத்தகைய இடங்களில் மிகக் குறைவு.

மகள் போய்விடுவாள் என்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளியும் அதே மாவட்டத்தில் இருந்தால் அவள் பயன் பெறக்கூடும்; பெறாமலும் போகலாம். இன்று அவள் உட்காரும் வகுப்பறையைக் கட்ட 1960களில் கடன் கட்டியவர்களின் பிள்ளைகள் எப்போதோ பள்ளியை முடித்துவிட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் எழுதியவற்றைக் கொண்டு பார்த்தால் ஆதரித்து வாக்களிக்கும் பக்கமே சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வாக்கெடுப்புக்கு முன் வாரியம் வெளிப்படையான தீர்மானத்தின் மூலம் முதல் தொகுதிப் பணம் கூரை, காற்றோட்டம், மின்சாரம், நிலநடுக்க வலுவூட்டல் ஆகியவற்றுக்கே என்று பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்ய மறுத்து, பெருந்திட்டத்தையும் காட்டாமல், அரங்கத்தின் வண்ணப்படத்தை மட்டும் அனுப்பும் மாவட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்வதில் குற்றமில்லை. தோற்ற மாவட்டங்கள் பட்டியலைச் சுருக்கிச் செப்பனிட்டு அடுத்த தேர்தலில் திரும்பி வருவதுண்டு. ஆனால் அந்தத் தாமதத்தில் கட்டுமானச் செலவு ஏறும், வாளிகளும் கூடும் என்பதை அறிந்தே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

பெருந்திட்டத்தில் உங்கள் பள்ளிக்கான பக்கங்களும் நிலநடுக்க ஆய்வறிக்கையும் கைக்கு வந்தால் இந்த முகவரிக்கே அனுப்புங்கள். அவற்றின் பொறியியல் பகுதியைப் படித்து, எந்தக் கட்டடத்துக்கு முதலில் கவனம் தேவை என்பதைத் தேர்தலுக்கு முன் உங்களுக்கு எழுதுகிறேன்.